சென்னையில் டிராமும் பேருந்தும்

இந்தியாவின் முதல் மின் டிராம் 1895 மே 7 அன்று சென்னையில் ஓடத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அந்த வசதி 1902இல்தான் கிடைத்தது. முதலில் மின்சாரம் தரைக்கடியிலிருந்த கால்வாய் வழியே வந்தது. பருவமழை அதற்குள் புகுந்து கெடுக்கவே, மேல்கம்பி முறைக்கு மாற நேர்ந்தது. 1921 வாக்கில் சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின.

தண்டவாளம் இல்லாத தெருவுக்குள் டிராம் நுழைய முடியாது. நகரம் விரிய விரிய, பேருந்து புதிய குடியிருப்புகளை எளிதில் எட்டியது. பாதையையும் கம்பியையும் டிராம் கம்பெனி தன் செலவில் பராமரிக்க, பேருந்துக்கோ பொதுச்சாலை தயாராக இருந்தது. டிராமின் வீழ்ச்சியைப் பேசும்போது இந்த ஏற்றத்தாழ்வை ஒதுக்கிவிடக் கூடாது. நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனி 1953 ஏப்ரல் 12 அன்று சேவையை நிறுத்தியது.

சென்னை டிராமுக்குத் தண்டவாளம் இருந்தும் தெரு தனியாக இல்லை. மாட்டுவண்டி, மோட்டார் வண்டிகளோடு அதே சாலையில்தான் ஊர்ந்தது. நெரிசலில் சிக்கினால் விலகிச் செல்ல வழியில்லை. இதற்கு மாறாக, பிரேசிலின் குரிடிபா நகரம் 1974இல் பேருந்துக்கே தனித்தடம் ஒதுக்கியது. வண்டியின் தரை மட்டத்துக்கு உயர்த்திய நிறுத்தங்களும், ஏறும் முன்பே கட்டணம் செலுத்தும் முறையும் பின்னர் சேர்ந்தன. அகமதாபாத் 2009இல் இதே வழியில் சென்றது.