பழுது பார்க்க வந்தவர்

பால் காத்திருக்காது. கறந்த சில மணி நேரத்தில் பதப்படுத்தாவிட்டால் நுண்ணுயிர்கள் பெருகிப் புளித்துவிடும். எந்திரம் நின்றால் நட்டம் உழவர்களுக்கே!

இன்றைய குஜராத்திலுள்ள ஆனந்தில், 1946-இல் தொடங்கிய கெய்ரா கூட்டுறவுச் சங்கத்தின் பழைய எந்திரங்கள் அடிக்கடி பழுதாயின. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற வர்கீஸ் குரியன், 1949-இல் அவ்வூர் அரசுப் பாற்பண்ணைக்கு வேலைக்கு வந்தார். சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் அழைத்தபோதெல்லாம் சென்று செப்பனிட்டார். இறுதியில், ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புதிய பாஸ்டர் எந்திரமே தேவை என்றார்.

பாலை 72 பாகை செல்சியசில் 15 விநாடி வைத்து உடனே குளிர்வித்தால் நோய்க்கிருமிகள் மடியும். இந்த அளவு பிசகலாமா? எந்திரத்தை நிறுவத் தங்கிய குரியன் அங்கேயே தங்கிவிட்டார். 1955-இல் எருமைப்பாலைப் பொடியாக்கும் ஆலையும் எழுந்தது.

பழுது பார்ப்பதை எப்போது நிறுத்தவேண்டும் என்று அறிவதும் பராமரிப்புப் பொறியாளரின் திறமையே.