மசகின் கதை: ஆமணக்கு முதல் அம்பாசிடர் வரை

ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியை அறியாத தமிழர் கொல்கத்தாவில் இலர் எனலாம். அதற்கு மேற்கே சிறிது தொலைவில், நம்மவர் பலர் தலைமுறைகளாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் வட்டாரம் உள்ளது. இங்கே கார் வைத்திருக்கும் குடும்பங்களிலே பெரியவர்கள் ஒரு விதி கூறுவதுண்டு: "எண்ணெய் கெட்டியாக இருந்தால் இயந்திரம் நெடுநாள் உழைக்கும்." இவ்விதி எங்ஙனம் பிறந்தது, இன்றைய வண்டிக்கும் அது பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மசகு நமக்குப் புதிதன்று. நம் கிராமங்களில் மாட்டுவண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து இட்டனர். அதே எண்ணெய் இந்திய ரயில் வண்டிகளுக்கும் மசகாயிற்று. முதல் உலகப் போரிலே விமானங்களின் சுழல் இயந்திரங்களையும் காத்தது. கடும் உஷ்ணத்திலும் உலோகத்தைப் பற்றி நிற்பதும், பெட்ரோலில் எளிதிற் கரையாததும் அதன் சிறப்புகள். இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909ஆம் ஆண்டு தன் எண்ணெய்க்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டது ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவியேயாம். ஆயினும் நாட்பட்டால் விளக்கெண்ணெய் பிசினாக இறுகிவிடும். ஆகவே, கார்களில் கனிம எண்ணெயே நிலைபெற்றது.

எண்ணெய்க்கு இயற்கையிலேயே ஒரு குறை உண்டு. குளிர்ந்த நிலையில் அது தடித்து நிற்கும், சூடேறினால் நீர்த்துப்போகும். 1911இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் எண்ணெய்களைப் பாகுத்தன்மைக்கேற்ப வகைப்படுத்தத் தொடங்கிற்று. 20, 30, 40 என்னும் எண்கள் அவ்வழி வந்தவை. எண் பெரிதானால் எண்ணெய் கெட்டி. பின்னர், பாலிமர் என்னும் சேர்மங்களைக் கலந்து, இரு நிலைக்கும் ஈடுகொடுக்கும் எண்ணெயைச் செய்தனர். 20டபிள்யூ-40 என்பதில் முதலெண் குளிர்நிலையையும், பின்னெண் இயந்திரம் சூடேறிய நிலையையும் குறிக்கும்.

இனி அம்பாசிடருக்கு வருவோம். ஹூக்ளியின் மேற்குக் கரையில் உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதனைச் செய்தது. 1959இல் அதற்கு 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரம் பொருத்தப்பட்டது. அவ்வியந்திரத்தின் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி தாராளமானது. ஓடித் தேய்ந்தபின் அது மேலும் விரியும். மெல்லிய எண்ணெய் அவ்விடைவெளியில் நில்லாது. அழுத்தம் குறையும், எண்ணெயும் புகைந்து தீரும். ஆதலால், பெரியோர் கூறிய விதி அந்த வண்டிக்கு மெய்யே. அவ்வகைக் கனிம எண்ணெய்க்கு வேண்டிய அடிப்படை எண்ணெயை 1969இல் தொடங்கிய தமிழ்நாட்டு மணலி ஆலையும், 1975இல் தொடங்கிய வங்கத்து ஹால்தியா ஆலையும் ஆக்கித் தந்தன என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

ஆனால், இன்றைய இயந்திரத்தின் அமைப்பு வேறு. அதன் எண்ணெய் வழிகள் நுண்ணியவை. வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறியும் பலவற்றில் எண்ணெயழுத்தத்தால் இயங்குகிறது. அதனால் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்களையே பலவற்றிற்கு விதிக்கின்றனர். கொல்கத்தாவில் கடுங்குளிர் ஏது என்று கேட்கலாம். எனினும், இரவெல்லாம் நின்ற இயந்திரத்தைக் காலையில் முடுக்கும்போது எண்ணெய் மேலேறும்வரை தேய்மானம் மிகுதி. கெட்டியான எண்ணெய் அங்குத் தாமதித்தே சேரும். மேலும், 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை ஒட்டி, டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றது. சாம்பல் குறைந்த எண்ணெய் ஊற்றாவிடில் அது அடைபடும். மாற்றும் செலவோ பெரிது.

கரியாஹாட் நெரிசலில் சிறு தூரமே ஓடும் வண்டிக்கு இன்னொரு இடரும் உண்டு. இயந்திரம் முழுச் சூடு அடையாமையால் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் தங்கிவிடும். ஆகவே, குறித்த கிலோமீட்டர் ஓடாவிடினும், குறித்த மாதங்கள் கழிந்தால் எண்ணெயை மாற்றுதல் வேண்டும். விடுமுறைக்குச் சென்னைவரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் காரிலேயே செல்லும் அன்பர்கள், புறப்படுமுன் வண்டியுடன் வந்த கைந்நூலில் எண்ணெயின் எண்ணையும் தரத்தையும் பார்த்து, அதையே கடையில் கேட்டு வாங்குவார்களாக. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளவுக்கோலில் எண்ணெய் இரு கோடுகளுக்கிடையே நிற்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுவது நலம்.