கடிக்கும் ஊசிக்கும் நடுவே

போன வருடம் வேலை விஷயமாகக் கூச்சிங்கில் மூன்று மாதம் இருந்தேன். செரியான் பக்கம் சைட் பார்க்கப் போன அன்று, ஒரு நாய்க்குட்டி கெண்டைக்காலில் பல்லைப் பதித்தது. இரண்டு சொட்டு ரத்தம். 'அடுத்த வாரம் கேஎல் போய்ப் பார்த்துக்கலாம்'னு நினைச்சேன். கூட வந்த பிடாயு சூப்பர்வைசர் விடவில்லை. குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். அப்புறம் நேரே கிளினிக்.

அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. 2017க்கு முன் சரவாக்கில் ரேபிஸ் பதிவானதில்லை. அந்த ஆண்டு ஜூலையில் செரியானில் சிறுவர்கள் இறந்தார்கள். தீபகற்பத்தில் வளர்ந்த எனக்கோ இந்தப் பயமே பழக்கமில்லை. தாய்லாந்து எல்லையோரம் 1950களிலிருந்தே நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு நோயைத் தடுத்து வந்தார்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் அது தலைகாட்டியபோதும் எனக்கு வெறும் செய்திதான்.

இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பாதி, பயணங்களின் வரலாறு. 1885 ஜூலையில் ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டரை அவன் அம்மா அல்சாஸிலிருந்து பாரிசுக்கு, லூயி பாஸ்டரிடம் கூட்டிப்போனார். பிழைத்தான். மறுவருடம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் பாரிசுக்குப் போனார்கள். 16 பேர்தான் பிழைத்தார்கள்.

இந்தியாவில் 1900இல் இமயமலை அடிவாரக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. மதராஸ் பக்கம் கடிபட்டவர் அங்கே போய்ச் சேரவே நாட்கணக்காகும். 1907இல் குன்னூரிலும் ஒன்று தொடங்கியபின் தூரம் குறைந்தது. எங்க பாட்டி சொல்லும் 'தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி'யும் கசௌலியில் பிறந்ததுதான். டேவிட் செம்பிள் ஆட்டு மூளையிலிருந்து உருவாக்கிய மருந்து அது.

கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி காப்பாற்றுகிறது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். அதற்காகத்தான் அத்தனை பேர் ஓடினார்கள். எனக்குக் கிளினிக் அரை மணி நேரத் தொலைவில் இருந்தது. நானோ ஒரு வாரம் தள்ளிப்போடப் பார்த்தேன்.

காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், கையில் நான்கு ஊசி. கிளம்பும் முன்பே ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால், கடிபட்டபின் இரண்டே ஊசி போதும். எல்லா ஊரிலும் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலினும் வேண்டியிருக்காது.

அடுத்த மாதம் நண்பர்களோடு பாலி போகிறேன். 2008இல் அங்கேயும் ரேபிஸ் நுழைந்துவிட்டது. ஹோட்டலுக்கு முன்னாடி கிளினிக்கில் தேதி வாங்குங்கடா என்றேன். "ஓவரா பண்றடா" என்கிறார்கள். பண்ணிட்டுப் போறேன்.