நெல்லைத் தமிழும் வழக்கு வரைபடவியலும்

ஒலி, சொல், விகுதி ஆகியவை ஊருக்கு ஊர் மாறும் எல்லையைக் கோடிட்டுக் காட்டுவது வழக்கு வரைபடவியல். சென்னைப் பக்கத்து ‘வந்தாங்க’ இராமநாதபுரத்தில் ‘வந்தாக’, நெல்லையின் தாமிரபரணிக் கரையில் ‘வந்தாவ’. இந்த ஒரு மரியாதை விகுதியே அருமையான எல்லைக்கோடு. ஆனால் சாதி, படிப்பு, தலைமுறை ஆகியவற்றாலும் பேச்சு மாறுவதால் வரைபடத்தில் ஊருக்கு ஒரு புள்ளி போதாது.

இத்தகைய வரைபடத்துக்காகப் பிரான்சில் மொழியியலாளர் கில்லியேரோன் தயாரித்த வினாநிரலோடு எட்மோன் 1897 முதல் 1901 வரை 639 ஊர்களில் விடை திரட்டினார். 1973இல் மொழியியலாளர் செகுய், இரண்டு ஊர்களுக்கிடையே மாறுபடும் விடைகளை எண்ணி அதையே மொழித்தொலைவாகக் கணக்கிட்டார்.

இந்தியாவிலோ, கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தில் களமிறங்கவில்லை. அது தமிழுக்குப் பேரிழப்பு. ஆனாலும் பின்னாளில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதியை வெளியிட்டார்.