கழிவின் அரசியல்: புத்தகக் கடைகள் அழிந்த வரலாறு குறித்து

புத்தகக் கடைகளை இணையம் கொன்றுவிட்டது என்பது இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகப் புழங்கிவருகிறது. ரயில் வந்தது, மாட்டுவண்டி போனது என்கிற மாதிரி. தொழில்நுட்பத்தை விதியாக மாற்றிக் காட்டும் இந்தக் கதையாடலில் ஒரு வசதி உண்டு: யாரும் எதற்கும் பொறுப்பில்லை. ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் சங்கதி வேறாக இருக்கிறது. கடையின் கழுத்தில் முதலில் கை வைத்தது கணினி அல்ல, கழிவு. அதாவது, அட்டையில் போட்ட விலையைக் குறைத்து விற்கும் உரிமை யாருக்கு என்கிற பிரச்சினை. இதில் இங்கிலாந்து ஒரு பக்கம் போனது, பிரான்ஸ் இன்னொரு பக்கம் போனது.

இங்கிலாந்தில் 1900 முதல் 'நெட் புக் அக்ரிமெண்ட்' என்றொரு ஒப்பந்தம் இருந்தது. பதிப்பாளர் வைத்த விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக் கூடாது; விற்றால் சரக்கு வராது. அரசு போட்ட சட்டமல்ல, வியாபாரிகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. 1962இல் இது நீதிமன்றம் போனபோது, புத்தகம் மற்றப் பண்டங்களைப் போன்றதல்ல என்ற வாதம் எடுபட்டு ஒப்பந்தம் பிழைத்தது. 1995இல் பெரிய பதிப்பகங்கள் சில தாமாகவே வெளியேற, அது செத்துப்போயிற்று. 1997இல் அதே நீதிமன்றம், இது பொதுநலனுக்கு விரோதமானது என்று சொல்லி அடக்கமும் செய்தது. அமேசான் அங்கே கடை விரித்தது 1998இல். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்த பிறகுதான் விருந்தாளி வந்தார்.

ஒரு கடைக்காரர் எப்படிப் பிழைக்கிறார் என்பதை யோசித்தால் இதன் அர்த்தம் புரியும். மூன்று நாளில் முந்நூறு பிரதி போகும் நூல் ஒன்று. மூன்று வருஷத்தில் மூன்று பிரதி போகும் நூல் ஒன்று. முன்னதன் லாபம்தான் பின்னது குடியிருக்கும் அலமாரிக்கு வாடகை கட்டுகிறது. கழிவு வந்ததும் முன்னதை மட்டும் உருவிக்கொண்டு போனவர்கள் பல்பொருள் அங்காடிக்காரர்கள். 2007இல் ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூல் வந்தபோது அச்சிட்ட விலை 17.99 பவுண்டு. ஆஸ்டா என்ற அங்காடி அதை 5 பவுண்டுக்குக் கொடுத்தது. அவர்களுக்கு அதில் லாபம் வேண்டியதில்லை, புத்தகம் வாங்க வந்தவர் பாலும் ரொட்டியும் வாங்காமலா போவார்? பதிப்பகத்திடம் வாங்குவதைவிட அங்காடியில் வாங்குவது மலிவு என்று சிறு கடைக்காரர்கள் சிலர் அங்கே போய் வாங்கினார்கள். 1995இல் 1,900ஐ ஒட்டியிருந்த தனிக்கடைகள் 2016இல் 867 ஆயின. இணையம் இதை வேகப்படுத்தியது, மறுக்கவில்லை. ஆனால் தொடங்கிவைத்தது அதுவல்ல.

பிரான்சின் கதை இதைவிடச் சிக்கலானது. அங்கே கழிவைக் கொண்டுவந்தவர்கள் இடதுசாரிகள். ஃப்நாக் நிறுவனத்தை 1954இல் தொடங்கிய ஆந்த்ரே எஸ்ஸெல், மாக்ஸ் தேரே இருவருமே ட்ராட்ஸ்கியவாதிகளாக இருந்தவர்கள். மலிவாக விற்பது அவர்களுக்கு நுகர்வோர் தரப்பில் நின்று செய்யும் போராட்டம். 1974இல் பாரிசில் 20 சதவீதக் கழிவோடு புத்தகம் விற்க ஆரம்பித்தார்கள். எதிர்த்து நின்றவர் மினுய் பதிப்பகத்தின் ழெரோம் லேந்தோன். மற்றவர்கள் திருப்பியனுப்பிய பெக்கெட்டின் 'மலோய்' நாவலை 1951இல் போட்டவர். மெதுவாக விற்கும் நூல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். வாசகருக்குச் சலுகை என்பதன் பேரில் நடப்பது, எந்த நூல் உயிரோடு இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இடம் மாறுவதுதான் என்பது அவர் கட்சி. 1981இல் கலாச்சார அமைச்சர் ழாக் லாங் கொண்டுவந்த சட்டம் கழிவை 5 சதவீதத்தில் நிறுத்தியது.

இணையக் கடைகள் வந்தபோது அவையும் அந்த 5 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை. ஆகவே தபால் செலவில் விளையாடின. கழிவும் இலவசத் தபாலும் சேர்ந்து கூடாதென்று 2014இல் சட்டம் வந்தது. அமேசான் தபாலுக்கு 1 சதம் வசூலித்துச் சட்டத்துக்குப் பணிந்தது! 35 யூரோவுக்குக் குறைந்த நூல்களுக்குத் தபால் செலவு குறைந்தது 3 யூரோ என்று விதித்து 2023 அக்டோபரில் அந்த ஓட்டையையும் அடைத்தார்கள். சட்டம் ஒன்றும் தாயத்து அல்ல. விர்ஜின் மெகாஸ்டோர் போன்ற சங்கிலிக் கடைகள் அங்கேயும் 2013இல் மூழ்கின. ஆனாலும் பிரான்சில் இன்று தனிக்கடைகள் 3,000க்கு மேல் உள்ளன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடையை ஒரு புனித வெளியாக்கிப் புலம்புவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. நம் சிற்றூர்களுக்கு எந்தக் கடையும் கொண்டுவராத நூல்களைக் கூரியர்காரர் கொண்டுவருகிறார். ஆனால் இணையத்தில் தேட நூலின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயரே தெரியாத நூலைக் கையில் எடுக்கவைப்பது அந்த மெதுவான அலமாரி.

நமது சூழலில் இந்த விவாதம் நடக்கவேயில்லை. நம் சட்டம் 'அதிகபட்ச சில்லறை விலை' என்று கூரையை மட்டும் பேசுகிறது. தரை என்று ஒன்று இல்லை. 2007இல் ஃப்ளிப்கார்ட் புத்தக வியாபாரமாகத் தொடங்கியபோதும் 2013இல் அமேசான் இங்கே வந்தபோதும் யாரும் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டா என்பது இன்னொரு கேள்வி. முன்வெளியீட்டுத் திட்டம் என்று கடைக்காரரைத் தாண்டி வாசகரிடம் நேரே கழிவு பேசியவர்கள் சிறுபத்திரிகை சார்ந்த பதிப்பாளர்களான நாமும்தான்.

எம்.ஏ. படித்த காலத்தில் நான் போய்க்கொண்டிருந்த ஒரு சின்னக் கடை இப்போது இல்லை. மூடுவதற்குச் சில மாதம் முன்னால் அண்ணாச்சி ஒரு நாவலை நீட்டி, "தம்பி, உங்க ஃபோன்ல பாருங்க, இது அங்க என்ன ரேட்டு?" என்றார். பார்த்துச் சொன்னேன். அவர் பதிப்பகத்தில் கழிவு போக வாங்கிய விலையைவிடக் குறைவு. "அப்ப நானும் அங்கயே ஆர்டர் போட்டிரலாம் போலயே" என்று சிரித்தார். எனக்கு வழக்கம்போலப் பத்து சதவீதம் கழித்துத்தான் பில் போட்டார்.