கோபுஸ்தான்: காண்டலும் கருதலும்

பண்டை வரலாற்றை ஆராய்வோர்க்கு ஏடும் செப்பேடும் கல்வெட்டும் நாணயமும் வாய் திறந்து பேசும் சான்றுகள். எழுத்தறியாக் காலத்துப் பாறை உருவங்களோ பேசுவதில்லை. பார்ப்பவரே அவற்றுக்காகப் பேசவேண்டியுள்ளது. அவ்வாறு பேசும்போது காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை மறந்துவிட்டால் வரலாறு கட்டுக்கதையாகிவிடும். இவ்வுண்மையை விளக்க ஏற்ற இடம் ஒன்று அஜர்பைஜான் நாட்டில் உள்ளது. அதன் பெயர் கோபுஸ்தான்.

தலைநகர் பாக்கூவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், காஸ்பியன் கடலை நோக்கி நிற்கும் வறண்ட குன்றுகள் இவை. பெயூக்தாஷ் என்றால் பெருங்கல். கிச்சிக்தாஷ் என்றால் சிறுகல். ஜிங்கிர்தாக் மூன்றாவது குன்று. இங்குள்ள பாறைகளில் 6,000-க்கு மேற்பட்ட உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1939-இல் இசாக் ஜாபர்சாதே என்னும் தொல்பொருள் அறிஞர் இவற்றை ஆராயத் தொடங்கினார். 1966-இல் இவ்விடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. 2007-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

வழிகாட்டியின் பின்னே பாறை இடுக்குகளில் செல்வோர் முதலில் காண்பவை காட்டெருதுகளும் மான்களும் ஆடுகளும். அடுத்து, கைகோத்து ஆடுவார்போல் வரிசையாக நிற்கும் மாந்தர். பலர் அமர்ந்த நெடிய படகுகள். சில படகுகளின் முனையில் கதிரவன் போன்ற வடிவம் ஒன்றும் உண்டு. இதுவரை காண்டல்.

இன்று இது புல்லும் அரிதாக முளைக்கும் நிலம். காட்டெருதுக்கு நீரும் மேய்ச்சலும் வேண்டும். ஆதலின், அவ்வுருவங்கள் செதுக்கப்பட்ட காலத்தில் இந்நிலம் செழிப்பாக இருந்திருக்கவேண்டும் என்று அறிஞர் கருதுவர். காஸ்பியனின் நீர்மட்டம் காலந்தோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்துள்ளது. ஆகவே குன்றின்மேல் படகைக் காண்பதும் வியப்பன்று. இவை தக்க கருதல்கள். நிலமும் கடலும் இவற்றுக்குத் துணை நிற்கின்றன.

ஆனால் கருதல் அளவு கடப்பதும் உண்டு. 1947-இல் கோன்-டிக்கி என்னும் கட்டுமரத்தில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து புகழ்பெற்றவர் நார்வே நாட்டுத் தோர் ஹெயர்டால். கோபுஸ்தான் படகுகள் தம் நாட்டுப் பாறைகளிலுள்ள படகுகளை ஒத்திருப்பதை அவர் கண்டார். வடநாட்டாரின் பழங்கதைகள் ஓடின் முதலிய தெய்வங்களை 'ஈசிர்' என வழங்கும். அப்பெயரையும் 'அசேரி' என்னும் பெயரையும் இணைத்து, வடநாட்டார் முன்னோர் இப்பகுதியிலிருந்தே சென்றனர் எனக் கூறினார். 2001-இல் இதுபற்றி நூலும் வெளியிட்டார். நார்வே வரலாற்றறிஞரும் மொழியறிஞரும் இதனை ஏற்கவில்லை. நீரருகே வாழும் மக்கள் எங்கும் படகு வரைவர். இரு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலாகவும் நேரும். மயக்கம் தந்தது உருவமும் ஒலியும்; மயங்கியவரோ உலகறிந்த பேரறிஞர் என்பது நினைக்கத்தக்கது.

பெயூக்தாஷ் அடிவாரத்தில் பேசும் கல்லும் ஒன்று உண்டு. 1948-இல் கண்டறியப்பட்ட அந்த இலத்தீன் கல்வெட்டு, உரோமப் பேரரசன் தொமித்தியனின் பெயரையும், பன்னிரண்டாம் படையின் நூற்றுவர் தலைவன் லூசியஸ் யூலியஸ் மாக்சிமஸ் பெயரையும் தாங்கி நிற்கிறது. அரசன் பெயரும் பட்டமும் இருப்பதால் அதன் காலம் கி.பி. 84-க்கும் 96-க்கும் இடைப்பட்டது எனத் துணியலாம். எனினும், அவ்வீரன் போருக்கு வந்தானா, தூது வந்தானா, வழி பார்க்க வந்தானா என்பதை அக்கல் கூறவில்லை. பேசும் சான்றுக்கும் எல்லை உண்டு.

குன்றிலிருந்து இறங்கிச் சேற்று எரிமலைகளைக் காணச் செல்வோர்க்கு நிலமே இப்பாடத்தை மீண்டும் கற்பிக்கிறது. கூம்பு வடிவ மேடு, உச்சியில் வாய், அதிலிருந்து வழியும் குழம்பு: பார்வைக்கு முழு எரிமலைதான். ஆனால் கைவைத்தால் சேறு குளிர்ந்திருக்கிறது. இங்கே உருகிய பாறைக்குழம்பு இல்லை. நிலத்தின் ஆழத்தில் புதைந்த களிமண் படிவுகளும் நீரும், மீத்தேன் வாயுவின் அழுத்தத்தால் மேலே தள்ளப்படுகின்றன. எப்போதேனும் வாயு தீப்பற்றினால் பெருந்தழல் எழும்; 2001-இல் பாக்கூவுக்கு அருகே லோக்பத்தானில் அவ்வாறு நிகழ்ந்தது. அப்போதும் எரிவது வாயுவே. மலை நெருப்பைக் கக்குவதில்லை. அஜர்பைஜானிலும் அதனை அடுத்த கடலிலும் இத்தகையவை 300-க்கு மேல் உள்ளன. வடிவு ஒன்று, காரணம் வேறு.

இன்னது போல் இருக்கிறது என்பது ஆராய்ச்சியின் தொடக்கம், அதுவே முடிவாகாது. தம் தொன்மையை நிறுவ விரும்பும் எம்மக்களுக்கும் இது பொருந்தும். முன்னோர் பெருமை மெய்ச்சான்றால் வளருமேயன்றி, ஒப்புமை காட்டி விரைந்து கட்டும் முடிவுகளால் வளராது. மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர், 'இது கண்டது, இது கருதியது, இது பிறர் சொன்னது' என்று பிரித்துக் காட்டும் பழக்கத்தை முதலில் ஊட்டுவாராயின், அம்மாணவர் எந்தக் கல்லின்முன் நின்றாலும் ஏமாறார்.