கம்பெனி மூடினாலும் கியர் விழுது

இன்னைக்கு ஒரு கியர்பாக்ஸோட வரலாறு.

1962-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நாலு கியர். ஆனா ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது, கியர் விழுறதுக்கு முன்னாடி சுத்துற பாகங்களோட வேகத்தைச் சமமாக்குற அமைப்பு இல்லை. வண்டி ஓடும்போதே ஃபர்ஸ்ட் போட்டா கரகரன்னு பல் உரசும், நாளடைவில் தேயும். 1967-ல்தான் நாலு கியருக்கும் சிங்க்ரோ வந்தது.

1980-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது. அதுக்குள்ள 5 லட்சத்துக்கும் மேல வண்டிகள் வெளியே போயாச்சு. இனி யார் ரிப்பேர் பண்றது?

ஓட்டுறவங்களும் மெக்கானிக்குகளும்தான். கியர்பாக்ஸை மட்டும் தனியா இறக்க முடியாது, எஞ்சினோட சேர்த்துத் தூக்கணும். பழைய பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலே ஊத்தணும். இதையெல்லாம் கிளப்புகள்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தாங்க. ஃபோர்டு சியராவோட அஞ்சு கியர் பாக்ஸை எப்படிப் பொருத்துறதுன்னும் கண்டுபிடிச்சாங்க. அஞ்சாவது கியர்ல எஞ்சின் மெதுவா சுத்தும், நெடுஞ்சாலையில இரைச்சல் குறையும்.

நம்ம ஐடி பாஷையில, கம்பெனி சப்போர்ட்டை நிறுத்தின பிறகு யூசர்ஸே மெயின்டைன் பண்றாங்க. பாகத்தைத் திரும்பச் செஞ்சுக்கலாம். பொருத்தத் தெரிஞ்சவர் சொல்லாமப் போயிட்டா, வண்டி ஷெட்டோட சரி.